மாவிலாறு எந்தப் பட்டியலில்?

2004 மே மாதம் கோப்பன்ஹேகன் நகரில் எட்டுப் பொருளியல் அறிஞர்கள் கூடி உலகத்தின் கவலைகளுக்கு வரிசை போட்டார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பியோர்ன் லொம்போர்க் கூட்டிய கூட்டம் அது. வந்தவர்களில் நோபல் பரிசு பெற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட கேள்வி எளிமையானது. உலகத்துக்கு நல்லது செய்ய மேலதிகமாக 5,000 கோடி டொலர் கிடைத்தால் அதை முதலில் எதற்குச் செலவிடுவது? காலநிலை மாற்றம், தொற்றுநோய், போர், கல்வி, நிதிக் கொந்தளிப்பு, ஊழல், பசி, குடிபெயர்வு, குடிநீர், வணிகத் தடைகள் என்று பத்துத் தலைப்புகள். போட்ட காசுக்கு எதில் கூடுதல் பலன் என்று கணக்குப் பார்த்ததில் எச்.ஐ.வி. தடுப்பு முதலிடம் பிடித்தது. தரவரிசை பெற்ற 17 திட்டங்களில் கடைசி மூன்று இடங்களும் காலநிலைத் திட்டங்களுக்கே போயின.

அதே ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்தது. ஆழ்கடலில் சுனாமியின் வேகத்தைக் கணக்கிட ஒரு சின்னச் சூத்திரம் போதும். புவியீர்ப்பு முடுக்கத்தை நீரின் ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4,000 மீட்டர் ஆழக் கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு ஜெட் விமானத்தின் வேகம். அப்படியிருந்தும் அலை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்தவர்கள் நடந்தே தப்பியிருக்கலாம். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இந்து சமுத்திரத்துக்கு அன்று சுனாமி எச்சரிக்கை முறையே கிடையாது. திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நாடு முழுவதும் 30,000க்கும் மேல்.

கோப்பன்ஹேகன் பட்டியலின் பத்துத் தலைப்புகளில் இயற்கை அனர்த்தம் என்று ஒன்று இருக்கவில்லை. அந்த அறிஞர்களைக் குறைசொல்வது என் நோக்கமில்லை, சுனாமியை யாரும்தான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தலைப்புகளை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கி மேலிருந்து கீழே காசு பிரிக்கும் அந்த முறை, துறைமுகத்தைச் சுற்றியுள்ள இந்த மாவட்டத்தில் எப்படி நிற்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. போர், சூறாவளி, சுனாமி, குளக்கட்டு உடைவு, டெங்கு, கடன் நெருக்கடி என்று உலகப் பட்டியல்களில் வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே தலைமுறைக்குள் வந்து போன இடம் திருகோணமலை.

ஆபத்தை அளக்கும் வழக்கமான வழி, நிகழ்தகவையும் இழப்பையும் பெருக்குவது. ஒரு பேச்சுக்கு, 2004இல் வந்தது போன்ற சுனாமி 500 ஆண்டுக்கு ஒருமுறை வருமென்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்தில் ஆயிரம் உயிர் என்றால் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு. தெரு விபத்துகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத எண். ஒரே காலையில் ஆயிரம் பேர் போவதும் 500 ஆண்டில் ஆயிரம் பேர் போவதும் ஒன்றல்ல என்பதைச் சராசரி சொல்லாது. ஊரே அழிந்தால் உதவிக்கு வர அயலூரும் இருக்காது, வள்ளமும் இருக்காது, வைத்தியசாலையும் இருக்காது. அந்த 500 என்ற எண்ணும் சந்தேகத்துக்குரியது. சுமாத்திராவின் அச்சேயில் கடலோரக் குகை ஒன்றின் தரையில் பழைய சுனாமிகள் கொண்டுவந்து போட்ட மணல் அடுக்குகள் வௌவால் எச்சத்துக்கு நடுவே அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர்கள் அதில் பதினொரு சுனாமிகளை எண்ணினார்கள். இரண்டுக்கு நடுவே ஓரிடத்தில் 2,000 ஆண்டுக்கு மேல் இடைவெளி, இன்னோரிடத்தில் ஒரு நூற்றாண்டுக்குள் நான்கு. இதிலிருந்து சராசரி எடுத்து எதைத் திட்டமிடுவது?

ஆனாலும் சுனாமியில் ஒரு நேர்மை உண்டு. நாம் என்ன செய்தாலும் சுமாத்திராவின் கடலடித் தட்டுகள் தங்கள் போக்கில்தான் நகரும். பழைய பதிவு குறைவானதாக இருக்கலாம், ஆனால் அது காலாவதியாகாது. காலநிலை மாற்றம் இங்கேதான் மற்ற ஆபத்துகளிலிருந்து பிரிகிறது. அது பட்டியலில் இன்னுமொரு உருப்படி மட்டுமல்ல. மற்றவற்றை அளக்க வைத்திருக்கும் அடிமட்டத்தையே அது நீளவும் சுருங்கவும் செய்கிறது.

பொறியியலாளர் ஒருவர் அணைக்கட்டின் வான்கதவைத் திட்டமிடும்போது பழைய மழைப் பதிவுகளைப் புரட்டி, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எவ்வளவு என்று கணிப்பார். நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றவுடன் நம் காலத்தில் வராது என்று மனம் ஆறுதலடைகிறது. எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். முப்பது ஆண்டுக் கடனில் வீடு கட்டியவருக்குக் கடன் முடிவதற்குள் அந்த வெள்ளம் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம். மழை கொஞ்சம் கனத்து, அதே வெள்ளம் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக மாறினால் அது 45 சதவீதமாகிறது. வானம் ஒவ்வொரு பாகை சூடேறும்போதும் காற்று சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் பூமி ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் சூடாகிவிட்டது. வங்காள விரிகுடாவில் சூறாவளிகளின் எண்ணிக்கை கூடுமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. வருபவை கொட்டும் மழை கூடும் என்பதில் விவாதம் குறைவு.

சூறாவளி இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1964 டிசம்பரில் திருகோணமலைப் பக்கமாக இலங்கையைக் கடந்த புயல்தான் மறுநாள் தனுஷ்கோடியை விழுங்கியது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு. சுனாமிக்குச் சரியாக நான்கு ஆண்டு முன்னால், 2000ஆம் ஆண்டின் அதே டிசம்பர் 26இல், ஒரு சூறாவளி நேராகத் திருகோணமலையில் கரையேறியது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே நுழைந்தது. இவற்றையெல்லாம் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்ட முடியாது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா காற்றைவிட மழையால் கொன்ற சூறாவளி. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் மலையக மண்சரிவுகளில். மலையில் கொட்டிய மழையில் கணிசமான பங்கு மகாவலியில்தான் இறங்கும். இலங்கையின் மிக நீண்ட அந்த ஆறு 335 கிலோமீட்டர் ஓடி மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. கண்டியில் மழை விட்ட பிறகும் வெருகலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். அந்த வெள்ளத்தில் மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்தது. மூதூர், வெருகல், சேருவில பக்கத்து மக்களை ஆயிரக்கணக்கில் அப்புறப்படுத்த வேண்டி வந்தது, சிலரை ஹெலிகொப்டரில் தூக்கினார்கள்.

மாவிலாறு என்ற பெயரை அதற்கு முன்னால் உலகம் கேள்விப்பட்டது 2006 ஜூலையில். அணையின் கதவு மூடப்பட்டு வயல்களுக்கு நீர் நின்றது. அதைத் திறப்பதற்கென்று தொடங்கிய சண்டை 2009 மே வரை நீண்ட இறுதிப் போராக முடிந்தது. ஒரே அணைக்கட்டு. 2006இல் அதை யாராவது பட்டியலிட்டிருந்தால் போர் என்ற தலைப்பின் கீழ் வந்திருக்கும், 2025இல் காலநிலை என்ற தலைப்பின் கீழ். வயலுக்குப் போக வேண்டிய நீர் போகாததும் ஊருக்குள் வரக்கூடாத நீர் வந்ததும் கீழே இருந்தவர்களுக்கு ஒரே கட்டின் வழியாகத்தான் நேர்ந்தன.

இன்னொரு கட்டு கந்தளாயில். குளக்கோட்டன் கட்டியது என்று திருகோணமலை மரபு சொல்லும் பழைய குளம். 1986 ஏப்ரல் 20 அதிகாலை அது உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று சூறாவளி எதுவும் இல்லை. மண் அணைகள் இப்படி உடைவதற்கு ஒரு வழி இருக்கிறது. கட்டின் உள்ளே, பெரும்பாலும் மதகுக் குழாயை ஒட்டி, ஒரு மெல்லிய கசிவு தொடங்கும். கசியும் நீர் ஒவ்வொரு மண் துகளாக வெளியே கொண்டுபோகும். துகள் போன இடத்தில் இன்னும் கொஞ்சம் நீர் போகும், கூடுதல் நீர் கூடுதல் மண்ணைக் கரைக்கும். வெளியே கட்டு நன்றாகத்தான் தெரியும், மேலே வண்டிகூட ஓடும். உள்ளே சுரங்கம் அகன்றுகொண்டிருக்கும். கடைசியில் மேல்மண் தன் பாரத்தில் உள்ளே விழ, குளம் முழுவதும் அந்த வாய் வழியாகப் பாயும். ஆரம்பத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கட்டின் அடிவாரத்தில் வரும் கசிவு தெளிந்த நீரா கலங்கிய நீரா என்று யாராவது தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். கலங்கினால் மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்தப் பார்வைக்கு ஆளும் சம்பளமும் வேண்டும். அது எந்த உலகப் பட்டியலிலும் வராத செலவு.

இப்போது தலைப்பு மாறினால் காசும் மாறுகிறது என்பதுதான் சிக்கல். 2022இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் ஏழை நாடுகளின் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒன்றுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது, அடுத்த ஆண்டு துபாயில் அது தொடங்கப்பட்டது. துபாயில் நாடுகள் அறிவித்த வாக்குறுதிகள் எல்லாம் சேர்த்து 70 கோடி டொலர் அளவு. டித்வாவின் நேரடிச் சேதம் மட்டும் 410 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. உலகம் முழுவதற்குமாகச் சொன்ன தொகை ஒரு தீவின் ஒரு புயலில் ஆறில் ஒரு பங்குக்கே காணும். அந்தச் சிறு தொகையையும் கேட்கப் போகும் நாடு, உடைந்தது காலநிலையால்தான் என்று காட்ட வேண்டும். பராமரிக்காமல் விட்டதால் உடைந்தது என்றால் அது உள்ளூர்க் கணக்கு. ஆகவே அதிகாரிகளுக்கு எல்லாவற்றையும் காலநிலை என்று எழுதும் ஆசை வரும். எனக்கு இதில் பயம் உண்டு. காலநிலை பதில் சொல்ல வராது, நீர்ப்பாசனத் திணைக்களத்தைப் பதில் சொல்ல வைக்கலாம்.

கிண்ணியாவுக்கு அருகே குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தைக் கழற்றிவிட்டுப் புதுப் பாலம் கட்டும் வேலை தொடங்கியிருந்தது. இடைக்காலத்துக்கு ஓர் இழுவைப் படகு. 2021 நவம்பர் 23 காலை பாடசாலை போகும் நேரத்தில் அது கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள், பிறகு எண்ணிக்கை கூடியது. களப்பு அங்கே அகலம்கூட இல்லை. இதற்குச் சூறாவளியும் காரணமில்லை, தட்டுகளும் காரணமில்லை. ஒரு பாலம் நேரத்தோடு முடிந்திருந்தால் நடந்திருக்காது. எந்தப் பெரிய ஆபத்தோடும் போட்டியிட முடியாத இந்தச் சிறிய ஆபத்தைத் தடுக்கத்தான் போட்ட காசுக்கு மிகக் கூடுதல் பலன் கிடைத்திருக்கும். இந்த இடத்தில் லொம்போர்க்கின் கேள்வி சரியானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே கிண்ணியாவில் 2017 மார்ச்சில் டெங்கு வெடித்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு நோய், 440 மரணம், இலங்கை அதுவரை கண்டதில் மிகப் பெரிய டெங்குப் பரவல். வெப்பம் கூடினால் நுளம்பின் உடலுக்குள் வைரஸ் முதிரும் நாட்கள் குறைகின்றன, அதனால் நுளம்பு சாவதற்குள் கூடுதல் பேரைக் கடித்து நோய் பரப்புகிறது. இது காலநிலையின் பங்கு. ஆனால் அந்த ஆண்டு பரவியது பெரும்பாலும் இரண்டாம் வகை டெங்கு வைரஸ், முன்பு வேறு வகைக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த சனங்களிடையே அது புதிதாக நுழைந்தது. குழாய் நீரை நம்ப முடியாத வீட்டில் தொட்டியிலும் பீப்பாயிலும் நீர் சேமிப்பார்கள், அங்கே நுளம்பு முட்டையிடும். எத்தனை பங்கு வெப்பம், எத்தனை பங்கு தொட்டி என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்காலும் முடியாது. தொட்டிக்கு மூடி போடுவது மட்டும் எல்லாக் கணக்கிலும் சரிவரும்.

உயரத்தில் இருந்து பார்ப்பவர்களின் வரிசை இன்னொரு விதம். ஒக்ஸ்போர்டின் தத்துவவாதி டோபி ஓர்ட் 2020இல் எழுதிய நூலில், இந்த நூற்றாண்டில் மனித இனம் அழியவோ மீள முடியாதபடி வீழவோ கூடிய வாய்ப்புகளுக்கு எண் கொடுத்தார். செயற்கை நுண்ணறிவுக்குப் பத்தில் ஒன்று, ஆய்வுகூடத்தில் உருவாக்கப்படும் கொள்ளைநோய்க்கு முப்பதில் ஒன்று, அணுப்போருக்கும் காலநிலைக்கும் ஆளுக்கு ஆயிரத்தில் ஒன்று. அளந்து கண்டவை அல்ல, தன் மதிப்பீடுகள் என்று அவரே சொல்கிறார். இதைப் படித்துவிட்டுக் காலநிலை அவ்வளவு பெரிய விஷயமில்லை என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். ஓர்ட் கேட்ட கேள்வி இனமே அழியுமா, மீளாமல் வீழுமா என்பது. மூதூர் விவசாயிக்கு இனம் அழிய வேண்டியதில்லை, பெரும்போகம் அழிந்தாலே போதும். எந்த முடிவைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்பதை முதலில் சொல்லாமல் எந்த வரிசையும் நிற்காது.

காலத்தை எப்படி மதிப்பது என்பது அடுத்த சண்டை. நூறு ஆண்டு கழித்து வரும் 1,000 ரூபா சேதத்தைத் தடுக்க இன்றைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? பிரித்தானியப் பொருளியலாளர் நிக்கலஸ் ஸ்டெர்ன் 2006 அறிக்கையில் ஆண்டுக்கு 1.4 சதவீதக் கழிவு வீதம் எடுத்தார். அப்படியானால் ஏறத்தாழ 250 ரூபா. அமெரிக்கர் வில்லியம் நோர்தவுஸ் எடுத்த வீதம் 4 சதவீதத்துக்கு மேல். 4 என்றே வைத்தாலும் 20 ரூபாதான். பூமி எவ்வளவு சூடாகும் என்பதில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளைக்கு என்ன விலை என்பதில்தான் வேறுபாடு. கோப்பன்ஹேகனில் காலநிலை கடைசிக்குப் போனதில் இந்தக் கழிவு வீதத்துக்கும் பங்கு உண்டு.

வரிசை ஆளுக்கு ஆள் மாறவும் வேண்டும். இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமிலவாயு ஏறத்தாழ ஒரு தொன், உலகச் சராசரியில் கால் பங்குக்கும் குறைவுதான். வாயுவைக் குறைப்பது ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் முதல் வேலை. திருகோணமலைக்கு முதல் வேலை கட்டும் வடிகாலும் எச்சரிக்கையும். பங்களாதேஷ் இதைச் செய்து காட்டியது. 1970இல் அங்கே சூறாவளியில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தார்கள், 2007இல் சிட்ர் சூறாவளியில் 3,500க்குள். நடுவில் கடல் குளிரவில்லை. கொன்கிரீட் அடைக்கல மாடங்கள் எழுந்தன, சைக்கிளில் போய் ஒலிபெருக்கியில் சொல்லும் தொண்டர்கள் வந்தார்கள். அதே ஒலிபெருக்கி சுனாமிக்கும் உதவும். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது இலங்கைக் கரையோர மக்கள் எச்சரிக்கை கேட்டு உள்ளே ஓடினார்கள். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. வீணாக ஓடினோம் என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. ஒத்திகை என்று நினைத்தால் மலிவான ஒத்திகை.

முன்னுரிமை பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 உரத்தடை ஓர் உதாரணம். இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே அடியாக நிறுத்தியது. டொலர் தட்டுப்பாடும் காரணம் என்று பலரும் கருதினார்கள், ஆனால் அந்த ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டையொட்டி அது சூழல் கொள்கையாகவே எடுத்துரைக்கப்பட்டது. நவம்பரிலேயே தடை தளர்ந்தது, பெரும்போகத்துக்கு அது பிந்திவிட்டது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் பச்சை வெளுத்துக் குட்டையாக நின்ற நெல்லுக்கு யூரியா போதவில்லை என்று சொல்ல விவசாய ஆலோசகர் தேவைப்படவில்லை.

சம்பூரில் கதை மறுபக்கமாகப் போனது. 2006 சண்டையில் மக்கள் இடம்பெயர்ந்த அந்த மண்ணில் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டத் திட்டம் இருந்தது. கொட்டியாரக் குடாவுக்குள் விடப்படும் சுடுநீர், சாம்பல், குடிநீர், காணி என்று எதிர்ப்புக்கு எல்லாமே உள்ளூர்க் காரணங்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போய், 2016இல் நிலக்கரி நிலையம் அங்கே வராது என்று அரசு அறிவித்தது. 2025 ஏப்ரல் 5இல் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. அது முழுதாக ஓடினால் ஆண்டுக்கு 200 ஜிகாவாட் மணி அளவு மின்சாரம் வரும், நிலக்கரியில் எடுப்பதோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் வாயு ஏறத்தாழ இரண்டு இலட்சம் தொன். உலகம் ஆண்டுக்கு வெளியிடுவதில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. அடுத்த டித்வாவின் மழையில் ஒரு துளியும் இதனால் குறையாது. ஆனால் 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது, மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடந்தன, 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையத்துக்கு நிலக்கரி வாங்க அரசு டொலர் தேடிக்கொண்டிருந்தது. சம்பூரில் அந்த 500 மெகாவாட்டும் வந்திருந்தால் தேட வேண்டிய டொலர் இன்னும் பாதி கூடியிருக்கும்.